தாழ்சுருதி தாங்கியவர்கள்: பேராக் தோட்டங்களும் பாஸ் கிட்டாரும்

இன்னிசை மேடையில் பாடுவோரை யாவரும் அறிவர். முன்னின்று கிட்டார் மீட்டுவோரையும் இளைஞர் அறிவர். அவர்களுக்குப் பின்னே, தாளக் கருவிகளுக்கு அருகில், நான்கு தடித்த கம்பிகள் பூட்டிய நீண்ட கிட்டாருடன் நிற்பவரைக் கூட்டம் கவனிப்பதில்லை. அவர் கையை நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறதென்று கேட்போர் உணர்வர். குறைவது இன்னதென்று சொல்ல அறியார். பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களிலும் ஈப்போ நகரிலும் இத்தாழ்சுருதி மேடையேறிய கதை இசையின் வரலாறு மட்டுமன்று. தோட்டத் தமிழர் வாழ்வின் வரலாறுமாகும்.

மலாயாவின் ரப்பர் வரலாற்றில் பேராக்கிற்குத் தனியிடம் உண்டு. 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில், அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ ஒன்பது கன்றுகளை நட்டார். அடுத்த தலைமுறைக்குள் ரப்பர் பெருந்தொழிலாயிற்று. கித்தாக் காட்டில் பால் வெட்டத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் கப்பலேற்றப்பட்டனர். 1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் உதவி பெற்ற குடியேற்றத்தை நிறுத்தும்வரை அவ்வோட்டம் ஏறியும் இறங்கியும் தொடர்ந்தது. வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு மாரியம்மனையும் கொணர்ந்தனர். அம்மனுக்குரிய தப்பும் உறுமியும் உடன் வந்தன.

தோட்டத்துத் திருவிழாவில் தாழ்ந்த ஓசையைத் தாங்கியவை இக்கருவிகளே. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் முழக்கம் காதில் விழுமுன் நெஞ்சில் படும். காவடி எடுப்பவரின் கால் அதனைப் பற்றிக்கொண்டுதான் நடக்கும். பாட்டு மேலே எங்குச் சென்றாலும் அடி தவறாமல் நிறுத்துவது கீழோசையின் கடமை என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் எவரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருந்தனர்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. தப்பு சாவு வீட்டிலும் ஒலித்தது. அதனை அடித்தவர் மீது ஊரில் சுமத்தப்பட்டிருந்த சாதிக் குறி, கடலைக் கடந்த பின்னும் முற்றும் கழுவப்படவில்லை. இசையை விரும்பியவர்களே இசைத்தவரைத் தள்ளி நிறுத்திய கொடுமை லயத்து வீடுகளுக்கிடையிலும் இருந்தது. பின்னாளில் மின்கருவிகள் வந்தபோது நேர்ந்த மாற்றத்தை அளக்க, இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. ஊரடங்கு நிலவிய இடங்களில் இரவுக் கூத்தும் விடியும்வரை நடக்கும் திருவிழாவும் ஒடுங்கின. அவ்வாண்டுகளில் இசை வீட்டுக்குள் வந்த வழி வானொலியும் இசைத்தட்டும் ஆகும். கூடி ஆடியவர்கள் அமர்ந்து கேட்கலாயினர். கேட்ட செவிகள் கூர்மையடைந்தன.

இதே காலத்தில் உலகின் மறுகோடியில் ஒரு புதுக்கருவி பிறந்தது. ஆளுயரத்திற்கு நிற்கும் டபுள் பாஸ் என்னும் பெருவயலினைத் தூக்கித் திரிவது கடினம்; இரைச்சலான கூடத்தில் அதன் ஒலி எடுபடுவதும் இல்லை. அமெரிக்காவில் பால் டுட்மார்க் 1930-களிலேயே மின்சார பாஸ் ஒன்றைச் செய்தாரெனினும், அது பரவவில்லை. 1951-இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பாஸ் கிட்டாரே உலகை ஆண்டது. தோளில் மாட்டலாம், கழுத்தில் கட்டைகள் பதித்திருப்பதால் விரலை வைத்த இடத்தில் சுருதி பிசகாது. அதன் அடிக்கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். உறுமியின் முழக்கத்தோடு வளர்ந்த காதுக்கு அவ்வோசை அந்நியமாக இருந்திருக்க முடியாது.

1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து மேடையேறினர். மூன்று கிட்டார், ஒரு தாளத் தொகுதி என்னும் அமைப்பு மலாயா இளைஞரைப் பற்றிக்கொண்டது. மலாய் மொழியில் இத்தகைய குழுவிற்குக் 'கூகிரான்' என்னும் பெயரே உண்டாயிற்று. விறுவிறுப்பான கிட்டார்க் குழு என்னும் தொடரின் சுருக்கம் அது. 1963 டிசம்பரில் தொலைக்காட்சியும் தொடங்கிற்று. 1960-களின் இறுதியில் பினாங்கில் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்கள் அமைத்த 'ஆலிகேட்ஸ்' குழு, பின்னர் மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ் பெற்றது. தமிழ் இளைஞனும் மின் கிட்டார் ஏந்தி நாட்டின் நடுமேடையில் நிற்கலாம் என்பதற்கு அவர்கள் கண்கண்ட சான்றாயினர்.

ஒரு முதற்குழு மேடைக்கு ஆயத்தமாகும் முறையை ஆராய்ந்தால், பாஸ் மீட்டுவோரின் நிலை தெளிவாகும். பெரும்பாலும் அக்கருவியை விரும்பி எடுப்பவர் இலர். மற்றவற்றுக்கு ஆள் நிறைந்தபின் எஞ்சியவர் கையில் அது சேரும். இசைக்குறிப்புப் படித்தவரும் அரியர். இசைத்தட்டை மீண்டும் மீண்டும் சுழலவிட்டு, பாட்டின் அடியில் ஓடும் ஓசையைச் செவியாலேயே பிரித்தெடுத்தல் வேண்டும். முதலில் ஒவ்வொரு சுரக்கூட்டின் மூலசுரத்தை மட்டும் பிடிப்பர். பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடக்கும் வழியைக் கற்பர். அதற்குமேல் தாளக்காரருடன் தனியே அமர்ந்து, பெருமுரசின் உதையும் பாஸின் முதல் மீட்டும் ஓரோசையாக விழும்வரை பழகுவர். ஆதி தாளத்தின் எடுப்பில் மிருதங்கமும் பாடகரும் ஒன்றுசேர்வது எத்தகையதோ, அத்தகையது இதுவும்.

அறையில் பழகியது மேடையில் அப்படியே அமைவதில்லை. தாழ்ந்த ஒலியைக் கூட்டத்தின் கடைசி வரிசைவரை கொண்டுசெல்ல மிகுந்த மின்னாற்றலும் பெரிய ஒலிபெருக்கியும் தேவை. பல தோட்டங்களிலோ, ஆலை எந்திரம் தரும் மின்சாரம் மாலையில் சில மணி நேரமே கிடைத்தது. ஈரக் காற்றில் எஃகுக் கம்பி துருவேறும். புதுக்கம்பிக்குக் கூலியில் மிச்சம் பிடித்தல் வேண்டும். விடியலில் பெரட்டுக்குச் சென்று, பால் வெட்டி, காண்டா சுமந்து திரும்பிய தோளே மாலையில் கிட்டாரையும் சுமந்தது.

இவ்வளவு தொல்லைக்கும் ஈடாக அக்கருவி ஒன்றைத் தந்தது. பாஸ் கிட்டாரின் மீது எந்தக் குலத்தின் பெயரும் எழுதப்பட்டிருக்கவில்லை. தப்பை அடித்ததற்காகத் தள்ளி நிறுத்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளையும் அதனை மீட்டினால் அவன் 'பாண்டுக்காரன்' மட்டுமே. கீழோசையைத் தாங்கும் தொழில் அதுவே. தொழிலைச் சூழ்ந்த இழிவு மட்டும் நீங்கிற்று.

1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் வாயிலாக இளையராஜா அறிமுகமானதும் பாஸ் மீட்டுவோரின் பணி பெருகியது. அவர் இசையில் பாஸ், மூலசுரத்தோடு நின்றுவிடாமல் பாட்டுக்கடியில் தனியொரு பாட்டாகவே நடந்தது. 1977-இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்தில் மலேசியா வாசுதேவனின் குரல் புகழடைந்தபோது, இந்நாட்டவருக்கு அப்பாடல்கள் மேலும் சொந்தமாயின. திரைப்பாடலை மேடையில் பாடும் குழுக்களுக்கு இனி ஒப்புக்கு பாஸ் மீட்டுபவர் போதாது; வல்லவர் வேண்டியிருந்தது.

ஆனால் குழுக்கள் வேரூன்றிய மண் அதற்கு முன்பே ஆட்டங்கண்டுவிட்டது. சுதந்திரத்தையொட்டித் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனைத் தடுக்கவே, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும் 1969-க்குப் பின் வேலை அனுமதிச் சட்டத்தால் குடியுரிமையற்ற பலர் நாடு திரும்பினர், ரப்பர் இருந்த இடத்தைச் செம்பனை பிடித்தது, லயங்கள் காலியாயின. நகருக்குப் பெயர்ந்தவர்கள் அடுக்குவீடுகளிலும் புறம்போக்குக் குடிசைகளிலும் சிதறினர். ஒரே லயத்தில் வசித்தபோது ஐவர் கூடிப் பழகுவது எளிது. ஐந்து இடங்களில் வசிக்கும்போது அது திட்டமிட்டுச் செய்யும் காரியமாகிறது. அதற்குள் மின் விசைப்பலகை வந்து, ஒருவரின் இடக்கையே பாஸின் வேலையைச் செய்யத் தொடங்கிற்று. மேடையில் ஓராள் குறைந்தார், செலவும் குறைந்தது.

பாடியவரின் பெயர் விளம்பரத்தாளிலும் ஒலிநாடாவின் உறையிலும் எஞ்சியிருக்கிறது. பாஸ் மீட்டியவரின் பெயர் அவற்றில் அரிதாகவே காணப்படும். காட்டைத் திருத்திய தொழிலாளி கணக்கேட்டில் ஓர் எண்ணாக மட்டும் நின்றதும், மேடையைத் தாங்கியவர் பெயரின்றி நின்றதும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாம். அக்காலக் குழுக்களில் வாசித்தவர்கள் இன்று முதுமையடைந்துள்ளனர். அவர்கள் எந்தத் தோட்டத்தில் பழகினர், எவரிடம் கருவி வாங்கினர், முதன்முதல் எந்தக் கோயில் மேடையில் ஏறினர் என்பவற்றை அவர்தம் மக்களும் பேரரும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். லயம் இடிந்துவிட்டது, அதைக் கண்ட நினைவு இன்னும் இடியவில்லை. அந்நினைவும் போனபின், பாட்டில் குறைவது இன்னதென்று சொல்ல எவரும் இரார்.