யன்னலே மறைவிடம்: மலையகத்து வீட்டு முற்றத்திலிருந்து பறவைப் படங்கள்

பறவைப் புகைப்படம் என்றதும் பலருக்கும் காடும் மலையேற்றமும் தோளில் தொங்கும் பெரிய லென்ஸும்தான் நினைவுக்கு வரும். மலையகத்தில் என்றால் ஹோர்ட்டன் சமவெளியையோ நுவரெலியா விக்டோரியா பூங்காவையோ சொல்வார்கள். முதுகுத்தண்டில் ஏற்பட்ட காயத்துக்குப் பிறகு இரண்டு ஊன்றுகோல்களோடு காம்பராவுக்குள் மட்டும் நடமாடுபவள் நான். ஹட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் லயத்திலிருந்து பாதைக்கு ஏற நாற்பது படிகள் உண்டு. மழை நாளில் அந்தப் படிகளில் என்னைத் தூக்கிச் செல்ல இரண்டு பேர் வேண்டும். ஆகவே கடந்த ஐந்து வருடங்களாக நான் எடுத்த பறவைப் படங்கள் எல்லாமே குசினி யன்னலிலிருந்தும் இஸ்தோப்பிலிருந்தும் எடுத்தவைதான்.

என்னைப் போல வீட்டோடு இருக்க நேர்ந்தவர்கள் இதை எப்படித் தொடங்கலாம், இதனால் என்ன பயன் என்பதை அனுபவத்திலிருந்தும் வாசிப்பிலிருந்தும் தொகுத்துத் தருகிறேன்.

கெமரா யார் கையில்?

இந்த விடயத்தில் உலகம் நன்கு அறிந்த கதை அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த சாம் புளூமுடையது. 2013 ஆம் ஆண்டு தாய்லாந்தில் குடும்பத்தோடு விடுமுறையில் இருந்தபோது, மேல்தளத்தின் தடுப்பு வேலி உடைந்ததில் கீழே விழுந்து நெஞ்சுக்குக் கீழே செயலிழந்தார். சிட்னிக்குத் திரும்பிய பின், கூட்டிலிருந்து விழுந்த மெக்பை குஞ்சு ஒன்று அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கறுப்பும் வெள்ளையுமாக இருந்ததால் பிள்ளைகள் அதற்குப் ‘பென்குயின்’ என்று பெயர் வைத்தார்கள். புகைப்படக் கலைஞரான கணவர் கமரன் புளூம், வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் அந்தப் பறவையைப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் 2016 இல் புத்தகமாகவும், பின்னர் 2020 இல் நவோமி வொட்ஸ் நடித்த திரைப்படமாகவும் வந்தன.

அந்தப் படங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் ஊடகக் கல்வி படித்தவள் என்ற வகையில் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய கதைகளில் நாங்கள் பெரும்பாலும் படத்துக்குள் இருக்கிறோம். படம் எடுப்பவர் வேறு யாரோ. முற்றத்துக் குருவியை நாமே படம் எடுக்கும்போது பார்க்கும் வேலையும் தெரிவுசெய்யும் வேலையும் நம்முடையதாகின்றன. எனக்கு இதில் பெரிய விடயம் அதுதான்.

முற்றத்துக்கு யார் வருகிறார்கள்?

மலையகத்தில் வீட்டோடு இருப்பவருக்கு ஓர் அனுகூலம் உண்டு. இலங்கைக்கே உரித்தான சில பறவைகள் காட்டில் மட்டும் வாழாமல் தோட்டப்புற மரங்களுக்கும் வருகின்றன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட இலங்கை வெள்ளைக்கண்ணி கூட்டமாக வந்து, இரண்டு நிமிடத்தில் ஒரு கொய்யா மரத்தைத் துழாவிவிட்டுப் போய்விடும். காதோரம் மஞ்சள் முடிக்கற்றை உள்ள மஞ்சள்காதுக் கொண்டைக்குருவியும் மலைநாட்டுக்கு உரியது.

தேயிலைச் செடியின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் சிறிய கறுப்புக் குருவியின் தோளிலும் வாலடியிலும் வெள்ளை தெரிந்தால் அது ஆண் புதர்ச்சிட்டு. பெண் புதர்ச்சிட்டு மண்ணிறமாக இருக்கும். இலங்கையில் இந்த இனத்தை மலைநாட்டில்தான் காணலாம். இஸ்தோப்புக் கூரைக்கடியில் மண்ணால் கூடு கட்டுவது மலைத் தகைவிலான். சாம்பல் சிட்டு, தையல்சிட்டு, குண்டுக்கரிச்சான், புள்ளிப்புறா, மைனா, காகம் ஆகியவற்றை ஆண்டு முழுவதும் எதிர்பார்க்கலாம்.

செப்டெம்பர், ஒக்டோபரில் விருந்தாளிகள் வரத் தொடங்கும். கானோரம் வாலை ஆட்டியபடி நடக்கும் சாம்பல் வாலாட்டியும், வேலிக்கம்பியில் அமரும் பழுப்புக் கீச்சானும் அவற்றில் சில. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூவுவதால் ஆறுமணிக்குருவி என்று பெயர் பெற்ற தோட்டக்கள்ளனும் அப்போதுதான் வருகிறது. இமயமலைப் பகுதியில் இனப்பெருக்கம் செய்யும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தைக் கழிக்க நமது மலைநாட்டுக்கு வருகிறது. ஏப்ரல் அளவில் இவை திரும்பிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, வெளிச்சமும் நல்லது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்ற காலம் அது.

உட்கார்ந்த இடத்திலிருந்து

பறவைகள் மனித உருவத்தையும் அசைவையும் கண்டு மிரள்கின்றன. அசையாமல் ஓரிடத்தில் இருப்பவருக்கு அவை விரைவில் பழகிவிடும். இங்கே நமது நிலைமை நமக்கே சாதகம்.

யன்னலிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் தூரத்தில் ஒரு காய்ந்த கிளையை நட்டுவையுங்கள். தண்ணீருக்கோ பூச்செடிக்கோ வரும் பறவை முதலில் அந்தக் கிளையில் அமர்ந்து சுற்றிலும் பார்க்கும். கிளைக்குப் பின்னால் சுவர் நெருக்கமாக இல்லாமல் தூரத்துத் தேயிலை மலை தெரிந்தால், படத்தின் பின்னணி மென்மையான பச்சையாக வரும். கண்ணாடி ஊடாக எடுப்பதானால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி, நேராகப் பிடியுங்கள். காம்பரா விளக்கை அணைத்து, சுற்றி ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் பிரதிபலிப்பு மறையும்.

கையில் பலம் குறைந்தவர்களுக்குப் பெரிய லென்ஸ் தேவையில்லை. நீண்ட சூம் உள்ள, லென்ஸ் கழற்ற முடியாத கெமராக்கள் எடை குறைந்தவை. துணிப்பையில் மணலோ அரிசியோ நிரப்பி யன்னல் கட்டையில் வைத்தால் கெமராவைத் தாங்கும். பொத்தானை அழுத்தச் சிரமமானால் புளூடூத் ரிமோட்டைப் பயன்படுத்தலாம். கெமராவே இல்லாவிட்டால் பைனாகுலரின் ஒரு கண்ணில் கையடக்கத் தொலைபேசியை வைத்து எடுத்துப் பாருங்கள். கிளையில் அமர்ந்த சிறு குருவிக்கு ஷட்டர் வேகம் 1/500 விநாடியாவது இருக்க வேண்டும்; பறக்கும்போது எடுப்பதானால் 1/1000 க்கு மேல். மூடுபனி நாளில் கெமரா வெண்மையைக் கண்டு ஏமாந்து படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை +0.7 இலிருந்து +1 வரை கூட்டிவிடுங்கள்.

நமது ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். குளிரில் இருந்த கெமராவை அடுப்பு எரியும் குசினிக்குள் கொண்டுவரும்போது பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் நீர் படியும்.

உடலையும் கவனிக்க வேண்டும். உணர்ச்சி குறைந்த உடலோடு நீண்ட நேரம் ஒரே நிலையில் இருந்தால் படுக்கைப்புண் வரும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடல் எடையை மாற்றி அமருங்கள். தொலைபேசியில் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது. குளிருக்காக உணர்ச்சியற்ற கால்களில் சுடுநீர்ப் போத்தலை வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது. கம்பளி போதும்.

முற்றத்து ஒழுங்கு

ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்து, தினமும் கழுவி மாற்றுங்கள். பாணும் மிச்சச் சோறும் வேண்டாம். அவை காகங்களையும் எலிகளையும் குரங்குகளையும் அழைக்கும். பிறகு அயல் வீட்டாரோடு சண்டை வரும். செம்பருத்தி, கொய்யா போன்றவற்றை நட்டால் பறவை தானாக வரும். கூட்டுக்கு அருகில் போகவோ ஃபிளாஷ் போடவோ, பறவையின் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கச்செய்து அழைக்கவோ கூடாது. இலங்கையில் பெரும்பாலான பறவைகள் 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

படம் பதிவாகும்போது

இலங்கைப் பறவைகளைப் பற்றி 1955 இல் வெளிவந்த புகழ்பெற்ற வழிகாட்டி நூலை எழுதியவர் ஜி.எம். ஹென்றி. தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர் அவர். தந்தை அங்கே முகாமையாளர். தோட்டத்துப் பறவைகளைப் பற்றி எழுதும் வாய்ப்பு அந்தக் காலத்தில் பங்களாக்காரர்களுக்கே இருந்தது. இன்று லயத்திலிருந்தும் பதிவு செய்யலாம். 2002 இல் தொடங்கிய ஈ-பேர்ட் தளத்தில், ஓரிடத்தில் அமர்ந்தபடி 15 நிமிடம் பார்த்த பறவைகளின் பட்டியலையும் படங்களையும் எவரும் சேர்க்கலாம். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தரவு அது. ஒவ்வொரு பெப்ரவரியிலும் நடக்கும் உலகளாவிய வீட்டுமுற்றப் பறவைக் கணக்கெடுப்பு 1998 இல் ஆரம்பமானது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களிலும் கணக்கெடுக்கிறார்கள். மூன்றிலும் நடக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

படிகளும் சட்டமும்

வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் வீட்டிலேயே இருங்கள் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. விபத்தொன்றுக்குப் பின் சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேராவின் மனுவில், அந்த விதிகளை நடைமுறைப்படுத்துமாறு உயர் நீதிமன்றம் 2011 இல் உத்தரவிட்டது. 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 30 ஆவது உறுப்புரை, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பங்குகொள்ளும் உரிமையைச் சொல்கிறது.

அமெரிக்காவில் சக்கர நாற்காலியில் சென்று பறவை பார்க்கும் வேர்ஜினியா ரோஸ் தொடங்கிய ‘பேர்டபிலிட்டி’ அமைப்பு, எந்த இடத்தில் படி உண்டு, எந்தப் பாதை சமதளம் என்று மக்களைக் கொண்டே வரைபடம் தயாரிக்கிறது. 1976 முதல் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழு போன்ற அமைப்புகளும் உள்ளூராட்சி மன்றங்களும் சேர்ந்தால் மலையகத்துக்கும் அப்படியொரு வரைபடம் சாத்தியம். அதற்கு முன், லயத்துக்கும் பாதைக்கும் இடையே கைப்பிடி உள்ள ஒரு சாய்தளம் வேண்டும். தோட்டங்களில் புதிய வீடுகள் கட்டப்படும்போது, வாசலில் சாய்தளமும், உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு ஒரு யன்னலும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் செலவு கூடும், கேட்பவரும் களைத்துவிடுவார்.