பல்லாவரத்துக் கல்

கல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் டல்ஹௌசி சதுக்கத்தை மிதியாத குடும்பம் அரிது. நம் தந்தையர் பலர் சுருக்கெழுத்தராகவும் கணக்கராகவும் காலையில் டிராமில் வந்திறங்கி, மாலையில் லேக் மார்க்கெட் பக்கம் திரும்பிய இடம் அது. 1930 டிசம்பர் 8 அன்று ரைட்டர்ஸ் கட்டடத்துள் புகுந்து ஆங்கில அதிகாரி சிம்ப்சனைச் சுட்ட பினய், பாதல், தினேஷ் ஆகியோர் பெயரே இன்று அச்சதுக்கத்துக்கு வழங்குகிறது. இவ்வளவு அறிந்திருந்த நாம் அறியாததை, ஒரு ஞாயிறு காலை வழிகாட்டியின் பின்னே குழந்தைகளோடு நடந்தபோதுதான் கண்டோம்.

முதலில் நின்றது தலைமை அஞ்சலகப் படிக்கட்டில். அதன் கிழக்குப் படிகளில் பதித்துள்ள பித்தளைக் கோடு, பழைய வில்லியம் கோட்டையின் எல்லையைக் காட்டுவது. அஞ்சல்தலை வாங்கச் சென்ற நாளெல்லாம் அதை மிதித்தே சென்றிருக்கிறோம்!

அக்கோட்டையின் சிற்றறையில்தான் 1756 ஜூன் 20 இரவு 146 பேர் அடைபட்டு 123 பேர் மாண்டதாக ஹால்வெல் எழுதினார். பள்ளியில் நாம் படித்த 'இருட்டறை' அதுவே. அக்கணக்கை வரலாற்றாசிரியர் பலர் ஏற்பதில்லை. ஆயினும் கர்சன் பிரபு 1902-இல் சலவைக்கல்லில் நினைவுத்தூண் எழுப்பினார். அதை அகற்றக் கிளர்ச்சி தொடங்கிய சுபாஷ் சந்திர போஸ் 1940-இல் சிறைப்பட்டார். அவ்வாண்டே தூண் பெயர்க்கப்பட்டது. அழிந்துவிட்டது என்றே எண்ணியிருந்தோம். அருகிலுள்ள புனித யோவான் ஆலயத் தோட்டத்தில் ஒரு மூலையில் நிற்கிறது.

அதே தோட்டத்தில் யோப் சார்னக்கின் எண்கோணக் கல்லறை மண்டபமும் உண்டு. சிதையேறவிருந்த பெண்ணை அவர் மீட்டு மணந்த கதையை வழிகாட்டி நெடுநேரம் சுவைபடக் கூறினார். துரைமார் காதலுக்கு இத்தனை நேரம் வேண்டுமா என்று நமக்குத் தோன்றாமலில்லை. நம்மை நிறுத்தியது கல்லறையின் கருங்கல். வங்கத்தை விட்டு நீங்க நேர்ந்த சார்னக், 1689-இல் சென்னையில் தங்கினார். அவருடைய மூன்று பெண்களும் புனித ஜார்ஜ் கோட்டை ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றனர். 1690 ஆகஸ்ட் 24 அன்று அவர் சுதானுட்டியில் வந்திறங்கினார், 1693-இல் மறைந்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1893-இல், நிலவியலறிஞர் தாமஸ் ஹாலந்து இக்கல்லும் பல்லாவரத்துக் குன்றுகளின் கல்லும் ஓரினம் என்று கண்டு, அவ்வினத்துக்குச் 'சார்னக்கைட்' எனப் பெயரிட்டார்.

சார்னக் இந்நகரை நிறுவியவரல்லர் என்று 2003-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்கு முன்பே இங்கு ஊர்கள் இருந்தன, மக்கள் இருந்தனர். அவர் பெயரோ பல்லாவரத்துக் குன்றின்மேலும் ஏறிவிட்டது. கல்லில் அவர் புகழ் இலத்தீனில் வெட்டப்பட்டுள்ளது. அதைக் குன்றிலிருந்து பிளந்தவர், கரைவரை இழுத்தவர், கப்பலில் ஏற்றியவர் பெயர் எம்மொழியிலும் இல்லை.

உடன் வந்த முதிய அம்மையார் ஒருவர் பல்லாவரத்தில் பிறந்தவர். செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே சென்று அக்கல்லைத் தடவிப் பார்த்தார். "எங்கள் வீட்டு அம்மியும் இதே நிறந்தான்" என்றார்.