இராயபுரத்துக்கு ரயில் வந்த ஆண்டும் எங்களுக்குக் கல்லூரி வந்த ஆண்டும்

காசிமேட்டிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, ஒரு தாளில் கடிகாரம் வரைந்து இருபத்து நான்கு மணி நேரத்தையும் நிரப்பிக் கொண்டுவந்தாள். நான் அப்போது வடசென்னையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் வாழ்க்கைத் திறன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் கால மேலாண்மை. விடியுமுன் அம்மா மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிடுகிறார். பிறகு தண்ணீர் பிடிப்பது, சோறு வடிப்பது, தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவது, பாட்டிக்கு மாத்திரை கொடுப்பது எல்லாம் இவள் வேலை. மாலையில் துணிக்கடை.

"இதுல எந்த மணிய மிஸ் நான் மேனேஜ் பண்றது?" என்றாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை. என் கையிலிருந்த பாடக் குறிப்பில் அதற்குப் பதிலும் இல்லை. அதன்பிறகுதான் இந்த வகுப்பு எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

கல்லூரியில் எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதையே ஒரு பாடமாக்கிப் பரவலாக்கியது அமெரிக்கா. தெற்குக் கரோலினா பல்கலைக்கழகம் 1972-ல் 'யுனிவர்சிட்டி 101' என்ற பாடத்தைத் தொடங்கியது. 1970-ல் அங்கு வெடித்த மாணவர் போராட்டம் அதற்குப் பின்னணி. அதாவது, மாணவர்களை நிறுவனம் எப்படி நடத்துகிறது என்ற கேள்வியும் அதன் பிறப்பில் இருந்தது. இத்தகைய பாடங்கள் அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளிலும் இடம்பிடித்தன. குறிப்பெடுப்பது, தேர்வுக்குத் தயாராவது, நேரத்தைப் பங்கிடுவது ஆகியவை அவற்றின் வழக்கமான தலைப்புகள்.

நம் பக்கம் 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் 1996-ல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் இந்த இயக்கத்தை முன்னெடுத்தார். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நேரடிப் பணிப் பயிற்சி மூன்றும் சேர்ந்த பட்டயப் படிப்பு இது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் தனியே ஒரு திட்டம் கொண்டுவந்தது. இதன் நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பில் தவறி, நான்கு வருடம் வீட்டில் இருந்த பெண், வகுப்பின் முன் நின்று தன் பெயரைச் சத்தமாகச் சொல்லும் நாளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எங்கள் படிவங்களில் அவளுக்கு 'இடைநின்றவர்' என்று பெயர். நின்றது அவள் என்றே அந்தச் சொல் சொல்கிறது. எங்கள் ஊரின் வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது.

இராயபுரத்தில் ரயில் நிலையம் 1856-ல் திறந்தார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. துறைமுகம் வளர்ந்தது. எண்ணூரில் லாரி செய்தார்கள். திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் செய்தார்கள். பெண்களுக்கான கல்லூரிகளோ கூவத்துக்கு அந்தப் பக்கம் எழுந்தன: 1914-ல் ராணி மேரி, 1915-ல் மகளிர் கிறித்துவக் கல்லூரி, 1948-ல் எத்திராஜ். இன்று பாரதி மகளிர் கல்லூரி என்று நாம் அறியும் அரசுக் கல்லூரி பிராட்வே பக்கம் வந்தது 1964-ல். ரயிலுக்கும் அதற்கும் இடையே 108 ஆண்டுகள்.

என் அம்மா 1963-ல் திருவொற்றியூரில் எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். கடற்கரைச் சாலை வரை பஸ்ஸில் தனியாக அனுப்ப முடியாது என்றார் தாத்தா. அடுத்த வருடம் கல்லூரி கிட்டே வந்தபோது அம்மாவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. "எனக்குப் படிப்பு ஏறல" என்றுதான் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மதிப்பெண் பட்டியலை நான் பார்த்திருக்கிறேன். நன்றாகவே ஏறியிருந்தது.

அரசும் பெண்ணின் படிப்பைத் திருமணத்தோடு கட்டியே வெகுகாலம் பார்த்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் 1989-ல் வந்தது திருமண உதவித் திட்டம். பள்ளிப் படிப்பு அதற்குத் தகுதி. 2022-ல் அதே பெயரில் அது உயர்கல்வித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அந்த ஆண்டு செப்டம்பர் 5-ல் புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கி வைத்த இடம் பாரதி மகளிர் கல்லூரி. கல்யாணத்துக்கென்று இருந்த பணம் படிப்புக்கு வர 33 ஆண்டுகள் ஆனது. அந்தப் பணம் புத்தகத்துக்கு ஆகும். விடியற்காலைக் குடத்தைத் தூக்காது.

இதையெல்லாம் மறுவாரம் வகுப்பில் சொன்னேன். பிறகு இன்னொரு தாள் கொடுத்து, அம்மாவின் கடிகாரத்தையும் பாட்டியின் கடிகாரத்தையும் வரையச் சொன்னேன். ஒவ்வொரு மணிக்கும் எதிரே, அந்த வேலையை வேறு யார் செய்யலாம் என்றும் எழுதச் சொன்னேன். தம்பி, அப்பா, மாநகராட்சி, கல்லூரி என்று பதில்கள் வந்தன. கல்லூரி என்று எழுதியவர்கள் வகுப்பை அரை மணி தள்ளித் தொடங்கக் கேட்டிருந்தார்கள். அதை நிர்வாகத்திடம் கொண்டுபோனேன். அடுத்த பருவத்தில் மாறியது.

காசிமேட்டு மாணவி தண்ணீருக்கு எதிரே 'தம்பி' என்று எழுதியிருந்தாள். இரண்டு வாரம் கழித்து விசாரித்தேன்.

"தூக்குறான் மிஸ். பாட்டிதான் திட்டுது, ஆம்பளப் புள்ளைய வேல வாங்குறேன்னு."

பாட்டியின் கடிகாரத்தை அவருக்குப் படித்துக் காட்டச் சொன்னேன்.