காற்றை முந்தும் கணக்கு

1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்புக் கரையைச் சூறாவளி தாக்கிற்று. ஏறத்தாழ 900 உயிர்கள் மாண்டன. தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் களுதாவளை போன்ற எழுவான்கரை ஊர்களுக்குப் புயலின் வழியை முன்னறிதல் வெறும் ஏட்டுக்கல்வி அன்று. அஃது உயிர் காக்கும் கலை. அக்கலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கணக்கு காற்றை முந்துதல் வேண்டும். புயல் கடந்தபின் கிடைக்கும் விடையால் யாருக்கு என்ன பயன்?

இவ்விடரை நன்குணர்ந்தவர் ஆங்கில அறிஞர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். ஆறு மணி நேர வானிலை மாற்றத்தைக் கையாற் கணிக்க அவருக்குப் பல வாரங்கள் சென்றன; விடையும் பிழைத்தது. எனினும் அவர் தளர்ந்தாரல்லர். 1922 இல் வெளியிட்ட நூலில், 64,000 கணக்கர் ஒரு பெருமண்டபத்தில் அமர்ந்து, ஆளுக்கொரு நிலப்பகுதியைக் கணித்து, அயலாரோடு விடைகளைப் பரிமாறும் காட்சியைக் கற்பனை செய்தார். இன்று சமாந்தரக் கணிப்பு எனப்படுவதன் வித்து அதுவே.

படுவான்கரை வயல்வெளியை நோக்குவார்க்கு இம்முறை எளிதில் விளங்கும். ஒரு வட்டை பல வயல்களாக வரம்பிடப்பட்டுள்ளது. ஒவ்வோர் உழவரும் தம் வயலைப் பார்ப்பார். நீர்ப்பங்கீட்டை வட்டவிதானை பார்ப்பார். உழவும் நீர்ப்பங்கீடும் ஒருவர் தலையிலேயே சுமத்தப்படின் இரண்டும் கெடும். கணினி நிரலுக்கும் இவ்விதி பொருந்தும். மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் தனித்தனிக் கூற்றினுள் மறைத்து வைத்தல் நன்று என 1972 இல் டேவிட் பார்னாஸ் எடுத்துரைத்தார்.

அவ்வறிவுரையின் அருமையைப் பின்வந்த காலம் உணர்த்திற்று. இந்தியாவில் 1988 இல் புனே நகரில் நிறுவப்பட்ட சி-டாக் நிறுவனம், 1991 இல் பரம் 8000 என்னும் மீக்கணினியை ஆக்கியது. டிரான்ஸ்பியூட்டர் என்னும் சில்லுகள் பல அதனுட் கூடி உழைத்தன. ஆனால் அச்சில்லு சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது. பிற நாட்டுப் பொறிகளும் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிச் செய்திமுறை கொண்டிருந்தன. பொறி மாறுந்தோறும் நிரலையும் புதிதாய் எழுத நேர்ந்தது. கணிதம் மாறவில்லை, அதைச் சுமந்த வண்டியே மாறியது. எனினும் உழைப்பு முழுவதும் வீணாயிற்று.

இதற்குத் தீர்வுகாண 1992 இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் நகரில் அறிஞர் கூடினர். அம்முயற்சியின் பயனாக 1994 இல் எம்.பி.ஐ. என்னும் பொதுச் செய்திமுறை வெளிவந்தது. அதிலே நுட்பமான ஓர் ஏற்பாடு உண்டு. ஒருவர் எழுதிய கணிதக் கூற்றை மற்றொருவர் தம் நிரலிற் சேர்க்கும்போது, இருவரும் தத்தம் செய்திகளுக்கு ஒரே இலக்கத்தை இட்டிருப்பின், ஒருவர்க்குரிய செய்தியை மற்றவர் பெற்றுவிடுவர், விடை பிழைக்கும். இதைத் தவிர்க்க ‘கொம்யூனிக்கேட்டர்’ எனும் தனி வாய்க்காலை வகுத்தனர். ஒன்றின் நீர் மற்றொன்றிற் புகாது. அதன்பின்னரே, முன்பின் அறியாதார் ஆக்கிய கூறுகளையும் அச்சமின்றி இணைத்தல் இயல்வதாயிற்று.

2000 ஆம் ஆண்டளவில் வெளிவந்த டபிள்யூ.ஆர்.எஃப். என்னும் வானிலை நிரல் இந்நெறியை மேலுங் கொண்டு சென்றது. அதில் மழையையும் முகிலையும் கணிக்கும் பகுதிகள் தமக்களித்த சிறு நிலத்துண்டை மட்டும் அறியும். எத்தனை கணினிகள் உடனுழைக்கின்றன என்பதை அறியா. பங்கீடும் பரிமாற்றமும் மேலடுக்கின் பொறுப்பு. ஆதலின் வானிலையறிஞர் தம் இயலை மட்டும் அறிந்து எழுதலாம். பொறி மாறினும் அவர் எழுத்து பெரும்பாலும் நிலைக்கும். இந்நிரலை இலங்கை வளிமண்டலவியல் திணைக்களமும் பயன்படுத்தியுள்ளது.

கூறுகளைப் பிரித்து எழுதுதல் அழகுக்காக மட்டும் அன்று. செல்வ நாடொன்றில் ஒருவர் செய்த உழைப்பு, வாவிக்கரைச் சிற்றூரையும் காக்க வழிசெய்வது அதுவே. ஒவ்வொரு நாடும் அடியிலிருந்தே தொடங்க வேண்டுமாயின், கணக்கு ஒருகாலும் காற்றை முந்தாது.