கோட்டையூர் வழியாகப் போன ரயிலை யார் படம் எடுத்தார்கள்?



நம்ம கண்டரமாணிக்கத்துக்கு ரயில் கிடையாது, காரைக்குடிக்குத்தான் போகணும். திருச்சி–மானாமதுரை மீட்டர் கேஜ் பாதை 1930-இல் முழுமையானது. செட்டிநாடு, கோட்டையூர் எல்லாம் அதில் வரும்.

அந்தக் கோட்டையூரில் 1911-இல் பிறந்தவர்தான் ஏ.கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். காந்தியடிகளை யார் யாரோ எடுத்த படச்சுருள்களை உலகமெல்லாம் தேடி, சுமார் 50,000 அடி சேர்த்து, 1940-இல் ஆவணப்படமாக வெளியிட்டார். நம் பக்கத்து ஊர்க்காரர், பாருங்கள்!

நம் வீட்டு ஆல்பங்களில் கல்யாணப் படம் இருக்கிறது. வளவில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர்கள் ஏறிய புகைவண்டி எங்கே? பெட்டி படுக்கை, வழியனுப்ப வந்த ஆச்சிமார் எங்கே? ஸ்டூடியோக்காரரை அழைப்பதே விசேஷத்துக்குத்தான். ரயிலுக்கு யார் செலவழிப்பார்கள்?

காரைக்குடி–பட்டுக்கோட்டை மீட்டர் கேஜும் 2012-இல் நின்றது. 2018-இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது.

வீடு இடிக்கிறபோது ஆல்பங்களும் எடைக்குப் போகின்றன. போடுமுன் ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஊர், வருஷம் எழுதியிருந்தால் இரண்டு பக்கத்தையும் செல்போனில் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ரயில் ஓரமாகத் தெரிந்தாலும் போதும்.