நீக்கப்பட இருந்த சில வரிகள்

கெர்னல் டிரைவருக்கு வரும் பேட்ச்சை ரிவ்யூ பண்ணும்போது எதைப் பார்ப்போம்? லாக் எடுத்தவர் விட்டிருக்கிறாரா, ரெஜிஸ்டரில் எழுதும் வரிசை சரியா, எர்ரர் வந்தால் மெமரி திரும்புகிறதா. கோப்பின் தலைமாட்டில் இருக்கும் காப்புரிமைக் கமெண்டை யாரும் படிப்பதில்லை, கண் தானாகவே கீழே இறங்கிவிடும். 2007 ஆகஸ்டில் லினக்ஸின் ஒரு வைஃபை டிரைவருக்கு வந்த பேட்ச்சில் பிரச்சினையே அந்தக் கமெண்டில்தான்.

கொஞ்சம் பின்னால் போகணும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று அறிவிப்பு வந்ததே 2005 ஜனவரியில். அந்தக் காலத்தில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கார்டு வாங்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "ஆதரோஸ் சிப்பா?" லினக்ஸில் அதற்கு மேட்வைஃபை டிரைவர் இருந்தது. ஆனால் பாதிதான் திறந்தது. சிப்போடு நேராகப் பேசும் 'ஹால்' என்ற அடுக்கு வெறும் பைனரி. மூலநிரலைக் கொடுத்தால் அனுமதியில்லாத அலைவரிசையிலும் சக்தியிலும் ரேடியோவை ஓட்டிவிடுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். பைனரி என்றால் லினக்ஸ் கெர்னலுக்குள் இடமில்லை.

ஓப்பன்பிஎஸ்டியின் ரைக் ஃப்ளோட்டர் அந்த அடுக்கை ரிவர்ஸ் எஞ்சினியரிங் செய்து தானே எழுதினார். அவர் போட்ட ஐஎஸ்சி உரிமம் சில வரிகள்தான்: என்ன வேண்டுமானாலும் செய்துகொள், ஆனால் என் பெயரும் இந்த அனுமதி வாசகமும் எல்லாப் பிரதியிலும் இருக்கணும். லினக்ஸ்காரர்கள் அதை எடுத்து ஆத்5கே டிரைவரைக் கட்டினார்கள்.

2007 ஆகஸ்ட் பேட்ச், கோப்புகளை ஜிபிஎல்லுக்கு மட்டும் மாற்றி, பழைய உரிம வாசகத்தை எடுத்துவிட்டது. சில கோப்புகளில் பிஎஸ்டி, ஜிபிஎல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்று இருந்தது, அங்கே வாதத்துக்கு இடமுண்டு. ரைக்கின் கோப்புகளில் அந்தத் தேர்வே கிடையாது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் எடுத்தாச்சு. ஓப்பன்பிஎஸ்டியின் தியோ டி ராட் கொதித்துப்போனார். அவர் கோபம் பிரசித்தம், ஆனால் இந்த முறை நியாயம் அவர் பக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், எஸ்சிஓ வழக்குக்குப் பிறகு, 2004லேயே, நிரல் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பொறுப்பேற்று 'சைன்ட்-ஆஃப்-பை' போடும் வழக்கம் லினக்ஸில் வந்துவிட்டது. கையெழுத்து இருந்தால் போதாது, யாராவது உட்கார்ந்து படிக்கணும். பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்தில் இருப்பவை போன்ற பழைய சுவடிகளில் கடைசி ஏட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எழுதி முடித்த நாளும் எழுதியவர் பெயரும் சில சமயம் அங்கேதான் கிடைக்கும். அந்த ஏட்டை வேண்டாததென்று விட்டால் சுவடியின் சரித்திரம் போச்சு.

பேட்ச் அந்த வடிவில் கெர்னலுக்குள் போகவில்லை. சாஃப்ட்வேர் ஃப்ரீடம் லா சென்டரின் வழக்கறிஞர்கள் கோப்பு கோப்பாகப் பார்த்தார்கள். 2008 ஏப்ரலில் 2.6.25 வெளியானபோது ஆத்5கே உள்ளே இருந்தது. ரைக்கின் பெயர், 2004-2007 என்ற ஆண்டுகளோடு, தலைமாட்டில் அப்படியே.

மூன்று மாதத்தில் ஆதரோஸே மனம் மாறியது. 802.11என் சிப்புகளுக்கு ஆத்9கே என்ற முழுத் திறந்த டிரைவரை ஜூலையில் வெளியிட்டது. அது அக்டோபரில் 2.6.27ல் சேர்ந்தது. அதன் பொறுப்பாளர் பட்டியலில் நம்மூர்ப் பெயர்கள் இருந்தன. ஆதரோஸின் சென்னைப் பொறியாளர்கள் எழுதிய கமிட்டுகளில் +0530 நேரக்குறி வரிசையாக வரும். கிட் லாகில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

பூட்டி வைத்திருந்த பழைய ஹாலின் மூலநிரலையும் அதே ஆண்டு செப்டம்பரில் கம்பெனி கொடுத்துவிட்டது. ஆத்9கே, ஹால் இரண்டுக்கும் அது தேர்ந்தெடுத்த உரிமம், ரைக் போட்ட அதே ஐஎஸ்சி.