மலைமிதிவண்டியின் சட்டகம்: முறிவுகள் எழுதிய வரலாறு

பத்தாண்டு நிறைவு மலர் ஒன்றில், கவிதைகளுக்கும் திறனாய்வுகளுக்கும் நடுவே மிதிவண்டிச் சட்டகத்தைப் பற்றி ஒரு கட்டுரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். யாப்பு என்னும் சொல்லுக்குக் கட்டுதல் என்பதே பொருள் என்பதை நம் வட்டத்து அன்பர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. உறுப்புகளைப் பொருத்திக் கட்டுவதும், அக்கட்டு எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதும் பாவலனுக்கும் கொல்லனுக்கும் பொதுவான வேலைகள். பாவலனின் கட்டு குலைந்தால் ஓசை கெடும். கொல்லனின் கட்டு குலைந்தால் ஓர் உயிர் போகக்கூடும். அந்த வேறுபாடே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கடைவீதியில் நாம் 'பிரேம்' என்று வழங்கும் சட்டகமே வண்டியின் முதுகெலும்பு. சக்கரம் கெட்டால் மாற்றலாம். சங்கிலி அறுந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். மலைச்சரிவில் விரைந்து இறங்கும்போது சட்டகம் முறிந்தால் அடுத்த கணம் ஓட்டுநரின் கையில் இல்லை. சமதளத்தில் ஓடப் பிறந்த மிதிவண்டி மலையில் ஓடக் கற்ற வரலாறு, முறிந்த சட்டகங்களின் வரலாறே எனலாம்.

இரு முக்கோணங்கள்

இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் 'ரோவர்' என்னும் வண்டியை வெளியிட்டார். ஏறத்தாழ ஒத்த அளவுடைய இரு சக்கரங்கள், பின் சக்கரத்தை இயக்கும் சங்கிலி என்னும் அமைப்பு அதனுடன் நிலைபெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் சட்டகமும் இன்றைய வடிவத்தை அடைந்தது. அதனைப் பக்கவாட்டில் நோக்கினால் இரு முக்கோணங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கக் காணலாம். நான்கு கோல்களை இணைத்த சதுரத்தை மூலையில் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று கோல்களை இணைத்த முக்கோணமோ, கோல் வளைந்தாலன்றி உருமாறாது. நூற்றாண்டைக் கடந்தும் இவ்வடிவம் நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

வடிவம் அமைந்தபின் எழுந்த கேள்வி எடை. குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டில்தான் விசை மிகுதியாகக் குவிகிறது; நடுப்பகுதிக்கு அத்துணைத் தடிப்பு வேண்டியதில்லை. பர்மிங்காமில் ஆணி செய்யும் தொழில் நடத்திவந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பிரட் ரெனால்ட்ஸ் 1897இல் இதற்கொரு காப்புரிமை பெற்றார். வெளிவிட்டம் மாறாமல், உட்புறத்தில் முனைகள் தடித்தும் நடு மெலிந்தும் இருக்கும் குழாய் அது. 1935இல் அதே நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த உருக்கில் '531' என்னும் குழாயை வெளியிட்டது. பல தலைமுறைப் பந்தய வண்டிகள் அதனால் ஆனவை.

டமால்பயஸ் மலைச்சரிவில்

இவையெல்லாம் சாலைக்கு உரியவை. மலைக்கு உரிய வண்டியை முதலில் தேடியவர்கள் தொழிற்சாலைக்காரர்கள் அல்லர். கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள். டமால்பயஸ் மலையின் அண்டையில், ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் நீளத்தில் 400 மீட்டர் இறங்கும் ஒரு மண்பாதை இருந்தது. அங்கே 1976 அக்டோபர் 21ஆம் நாள் அவர்களின் முதல் நேரப் பந்தயம் நடந்தது. பழைய கடைகளிலும் குப்பைமேடுகளிலும் கிடைத்த, 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட ஷ்வின் நிறுவனத்தின் கனத்த வண்டிகளே அவர்களின் ஊர்திகள். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் தடை அவ்வண்டிகளில் இருந்தது. ஒரு முறை இறங்கியதும் சக்கர மையம் கொதித்து, உள்ளிருந்த மசகு புகையாகிவிடும். மீண்டும் மசகை அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். 'மீண்டும் அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்பதே அப்பாதைக்கும் பந்தயத்துக்கும் பெயராயிற்று.

மசகு புகைந்தால் அடைத்துக்கொள்ளலாம். சட்டகம் வளைந்தும் முறிந்தும் போனால் என் செய்வது? பழைய சட்டகங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தன. சார்லி கெல்லி தமக்கொரு புதிய சட்டகம் வேண்டுமென்று, பந்தய வண்டிகள் செய்துவந்த ஜோ பிரீஸை அணுகினார். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த, விமானத் தொழிலில் வழங்கிய உருக்குக் குழாய்களைக் கொண்டு பிரீஸ் 1977இல் தம் முதல் மலைவண்டியைச் செய்து முடித்தார். தலைக்குழாயிலிருந்து பின்னச்சு வரை இருபுறமும் ஓடும் இரு மெல்லிய குழாய்களை அவர் கூடுதலாகச் சேர்த்திருந்தார். அச்சத்தின் அடையாளம் என்றே அவற்றைக் கருதலாம். எவ்வளவு வலிமை போதும் என்பதற்கு அன்று எவரிடமும் கணக்கு இல்லை. ஆகவே மிகையாகவே கட்டினார். அவ்வண்டி இன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1979இல் டாம் ரிச்சி சட்டகம் செய்ய, கேரி பிஷரும் கெல்லியும் அவற்றை வண்டிகளாக்கி விற்கத் தொடங்கினர். அவர்கள் தம் நிறுவனத்துக்கு வைத்த 'மவுண்டன் பைக்ஸ்' என்னும் பெயரே பின்னர் ஓர் இனத்தின் பெயராயிற்று. 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் செய்வித்து விற்ற 'ஸ்டம்ப்ஜம்பர்' இவ்வண்டியைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைமிதிவண்டிப் பந்தயம் இடம்பெற்றது. ரீபேக் முதல் ஒலிம்பிக் வரை இருபதே ஆண்டுகள்.

உலையும் அச்சும்

சட்டகம் உருவாகும் முறை பொருளுக்குப் பொருள் வேறுபடும். உருக்கில் தொடங்குவோம். காய்ச்சிய தண்டைத் துளைத்துக் குழாயாக்கி, பின் குளிர்ந்த நிலையில் அச்சுத்துளை வழியே இழுத்து இழுத்து மெலிதாக்குகின்றனர். முனை தடித்த குழாய்க்கு, முனைகளில் மெலிந்தும் நடுவில் பருத்தும் உள்ள தண்டு ஒன்றை உள்ளே வைத்து இழுக்கின்றனர். முடிந்தபின் பருத்த தண்டு மெலிந்த வாய்வழியே எப்படி வெளிவரும்? சாய்ந்த உருளைகளுக்கு நடுவே குழாயைச் சுழற்றினால் அது மயிரிழை அளவு விரிந்து தண்டை விடுவிக்கும். முனையில் 0.9 மில்லிமீட்டரும் நடுவில் 0.6 மில்லிமீட்டரும் தடிப்புள்ள சுவர் இவ்வாறு கிடைக்கிறது.

பிறகு குழாய்களின் வாயை, சேரவிருக்கும் குழாயின் வளைவுக்கு ஏற்ப வெட்டுகின்றனர். இந்த வெட்டு பொருந்தாவிட்டால் எவ்வளவு பற்றவைத்தாலும் மூட்டு மூட்டாகாது. பழைய முறையில் மூட்டுறை ஒன்றனுள் குழாய்களைச் செருகி, ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் பித்தளையை உருக்கி இடுக்குகளில் பாயவிடுவர். உருக்கு உருகாமலே ஒட்டிக்கொள்ளும். மலைவண்டிக்குப் பருத்த குழாய்கள் தேவைப்பட்டபோது அவற்றுக்கு ஏற்ற உறைகள் கிடைக்கவில்லை. ஆகவே ரிச்சி போன்றோர் உறையில்லாமல் மூட்டைச் சுற்றிப் பித்தளையை அணைகட்டி இழைத்தனர். பின்னர், ஆர்கான் வாயுவின் காப்பில் மின்வில்லால் குழாய்களையே உருக்கி இணைக்கும் 'டிக்' வெல்டிங் பரவியது.

அலுமினியத்தின் கதை வேறு. அதன் எடை உருக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்கே. அப்படியானால் என்ன பயன் என்று கேட்கலாம். விடை விட்டத்தில் உள்ளது. சுவரின் தடிப்பை மாற்றாமல் குழாயின் விட்டத்தை இரட்டித்தால் எடை இரு மடங்காகும். வளைவை எதிர்க்கும் விறைப்போ எட்டு மடங்காகும். கேரி கிளைன், கேனண்டேல் நிறுவனம் ஆகியோரின் பருத்த குழாய் வண்டிகள் இக்கணக்கின் பிள்ளைகள்.

ஆனால் பற்றவைப்பின் வெப்பம், மூட்டை ஒட்டிய அலுமினியத்தின் வலிமையைக் குலைத்துவிடும். ஆகவே 6061 என்னும் கலவையில் செய்த சட்டகத்தை முழுமையாக ஏறத்தாழ 530 பாகை வரை சூடேற்றி, சட்டெனத் தணித்து, மீண்டும் 175 பாகையளவில் பல மணி நேரம் வைத்து முதிரச் செய்கின்றனர். தணித்ததற்கும் முதிர்ச்சிக்கும் இடைப்பட்ட சிறுபொழுதில் உலோகம் இளகிய குணத்துடன் இருக்கும். வெப்பத்தில் கோணிப்போன சட்டகத்தை நேர்செய்யும் வாய்ப்பு அப்போதுதான் உண்டு. தவறினால் கோணல் நிலைத்துவிடும்.

டைட்டானியச் சட்டகங்களுக்கான குழாய், விமானங்களின் நீரழுத்தக் குழாய்களிலிருந்து வந்தது. கார்பன் சட்டகத்திலோ குழாயுமில்லை, உலையுமில்லை. பிசின் ஊறிய இழைத்தாளை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் உரிய திசையில் கையால் அடுக்கி, அச்சினுள் வைத்து, உள்ளிருந்து காற்றுப்பையால் அழுத்திச் சூடாக்குகின்றனர். இழை ஓடும் திசையில்தான் வலிமை. ஒரு துண்டு திசைமாறினாலும் வண்ணப் பூச்சின் அடியில் அது எவர் கண்ணுக்கும் தெரியாது.

களைத்துப்போகும் உலோகம்

மிகையான சுமை அச்சை முறிக்கும் என்பது நாம் அறிந்ததே. மயிற்பீலியே ஆயினும் அளவு கடந்தால் வண்டியின் அச்சு இறும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உரைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு கண்டறிந்தது இதன் மறுபக்கத்தை: அளவு கடக்காத சுமையும், திரும்பத் திரும்ப வந்தால் முறிக்கும். 1842 மே 8இல் பாரிசுக்கும் வெர்சாய்க்கும் இடையே ஓடிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, தீப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றி வளைத்துச் சோதித்து, சுமைக்கும் சுழற்சி எண்ணிக்கைக்கும் உள்ள உறவை 1870 வாக்கில் நிலைநாட்டினார்.

உருக்குக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழ்ப்பட்ட விசையை எத்தனை முறை ஏற்றாலும் அது தளராது. அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. சிறு விசையும் தன் கணக்கை எழுதிக்கொண்டே வரும். ஆகவே அலுமினியச் சட்டகத்தை, அது வாழும் நாளெல்லாம் அதன் விசை தாழ்ந்தே இருக்குமாறு தாராளமாகக் கட்ட வேண்டியுள்ளது. 1989இல் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் அதிர்வுதாங்கும் முன்கவை பரவியபோது இக்கணக்கு மேலும் கடினமாயிற்று. நீண்ட கவை ஒரு நெம்புகோல். பாறையில் மோதும் ஒவ்வொரு முறையும் அது தலைக்குழாயைப் பிளக்கப் பார்க்கும். அந்த மூட்டின் அடியில் வைக்கப்படும் சிறு வலுத்தகடு அதற்கான விடை.

ஓடாமலே முறிபவை

ரீபேக் நாட்களில் சோதனைக்கூடம் எது? ஓட்டுநரின் உடலே. முறிந்தால் கற்றார்கள், கற்றபின் தடிப்பாகச் செய்தார்கள். அந்த வேதனையை இயந்திரத்துக்கு மாற்றியதே சோதனை விதிகளின் சாதனை. ஐரோப்பாவில் மலைவண்டிக்கென 2005இல் ஒரு தரவிதி வந்தது. 2014 முதல் பல பகுதிகளாக வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 4210 அதனை உலகப் பொதுவாக்கியது.

அதன்படி, சட்டகத்தை நிமிர்த்தி நிறுத்தி, முன்கவையின் நேர்மேலே 360 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 22.5 கிலோகிராம் எடையை விழவிடுகின்றனர். கண்ணுக்குத் தெரியும் வெடிப்பு கூடாது. இரு அச்சுகளுக்கும் இடையிலான நீளம் வரம்புக்கு மேல் குறுகவும் கூடாது. வேறொரு சோதனையில் இருக்கை, மிதியச்சு, தலை ஆகிய இடங்களில் பாரம் கட்டி, சட்டகத்தையே முன்புறமாக விழச் செய்கின்றனர்.

இவை ஒரு கணத்துச் சோதனைகள். நீண்டவை களைப்புச் சோதனைகள். இருபுற மிதிகட்டைகளையும் மாறிமாறி 1200 நியூட்டன் விசையால், அதாவது 120 கிலோகிராமுக்குச் சற்று மேலான எடையால், ஒரு லட்சம் முறை அழுத்துகின்றனர். நொடிக்கு ஒரு சுற்று எனக் கொண்டால் ஏறத்தாழ 28 மணி நேரம். முன்னச்சை முன்னோக்கி 1200, பின்னோக்கி 600 நியூட்டன் என்று 50,000 முறை இழுத்துத் தள்ளுகின்றனர். இருக்கையின் மேல் செங்குத்தாக மேலும் 50,000 முறை. கார்பன் சட்டகத்தில் வெடிப்பு உள்ளேயே ஒளிந்திருக்கலாம் என்பதால், சோதனையின் நடுவே அதன் நெகிழ்வு தொடக்க அளவைவிட 20 விழுக்காட்டுக்கு மேல் கூடினாலும் தோல்வியே.

இச்சோதனைக்கு உட்பட்ட சட்டகத்தை மீண்டும் விற்பதில்லை. ஒரு முறையேனும் ஓடாமல், ஒரு மலையையும் காணாமல், மற்றவை ஓடுவதற்காக அது தேய்ந்து ஓய்கிறது.

பெயரில்லாத கைகள்

1980இல் ஷ்வின் நிறுவனத்தின் சிகாகோ தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, அதன் உற்பத்தி தைவானில் 1972இல் தொடங்கப்பட்ட ஜயண்ட் நிறுவனத்துக்குப் பெருமளவில் சென்றது. 1992இல் ஷ்வின் நொடித்தது. ஜயண்ட் உலகின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. தன் பழைய சட்டகங்களில் பிறந்த மலைவண்டியின் காலத்திலேயே ஷ்வின் வீழ்ந்தது ஒரு முரண்.

நமக்கும் இவ்வரலாற்றில் ஒரு கிளை உண்டு. ரெனால்ட்ஸ் குழாய் நிறுவனம் 1928 முதல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அதே குழுமத்துடன் கூட்டுச்சேர்ந்துதான் முருகப்பா குடும்பத்தார் 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினர்; 1955இல் ஆவடியில் குழாய்த் தொழிற்சாலையும் எழுந்தது. நம் தந்தையர் பால்குடமும் நெல்மூட்டையும் ஏற்றிச் சென்ற வண்டிகளின் மூட்டிலும் அதே பித்தளைப் பற்றுத்தான் இருந்தது.

பிரீஸ், ரிச்சி, பிஷர், கெல்லி என்று நூல்கள் நான்கு பெயர்களைச் சொல்கின்றன, சொல்லத் தக்கவையே. ஆனால் தைவானிலும் ஜப்பானிலும் அம்பத்தூரிலும் முகமூடிக்குப் பின்னே குனிந்து மூட்டுகளை இணைத்தோர் பெயரை எந்நூலும் சொல்வதில்லை. மலைச்சரிவில் இறங்குபவன் தன் உயிரை ஒப்படைப்பது அவர்களிடமே. அவன் அவர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதை ஒன்று உண்டு: அவ்வப்போது வண்டியைத் துடைத்து, மூட்டின் ஓரத்தில் வண்ணப் பூச்சில் மயிரிழைக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. உலோகம் பெரும்பாலும் முன்னறிவித்தே முறிகிறது. பார்க்கும் கண் வேண்டும்.

பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய வட்டத்துக்கும் களைப்புச் சோதனையே. பெரிய பிணக்குகள் மட்டுமன்றி, திரும்பத் திரும்ப நேரும் சிறு மனத்தாங்கல்களும் மூட்டை நெகிழ்த்தும். நம் மூட்டுகளையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் துடைத்துப் பார்த்துக்கொள்வோமாக.